ஒரு காறை எலும்பு, ஒரு கேசட், பாதியில் நின்ற ஒரு பாட்டு

வழக்கமா இந்தப் பக்கத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, டெங்குன்னுதான் எழுதுவேன். இன்னைக்கு ஒரு மாறுதலுக்கு, முப்பது வருஷம் முன்னாடி இங்கிலாந்தில் நடந்த ஒரு கச்சேரியைப் பற்றி எழுதப் போறேன். அது ஒரு கேசட்டா எப்படி என் கைக்கு வந்ததுங்கிறதையும் சொல்றேன். மருத்துவம் கொஞ்சம் வரும். எலும்பு நிறைய வரும்.

நீளமான இழை. நைட் டூட்டியில் கேஸ் இல்லாத நேரத்தில் துண்டு துண்டாக எழுதியது. அங்கங்கே தாவும், பொறுத்துக்கோங்க.

முதலில் தெரியாதவர்களுக்காகச் சில வரி. 1990-களின் நடுவில் இங்கிலாந்தில் கிட்டார் இசைக்குழுக்களின் பெரிய அலை ஒன்று அடித்தது. ப்ளர், ஒயாசிஸ், ஸ்வேடு, பல்ப், இலாஸ்டிகா, சூப்பர்கிராஸ்னு வரிசையா வந்தாங்க. பத்திரிகைகள் வச்ச பேர் பிரிட்பாப். அதுக்கு முன்னாடி அமெரிக்காவின் நிர்வாணா மாதிரி குழுக்கள்தான் ராஜ்ஜியம். இவங்க தங்கள் ஊர்த் தெரு, தங்கள் பேச்சு, தங்கள் ஊரில் இருக்கிற ஏழை பணக்கார வித்தியாசம், இதையெல்லாம் பாட்டுக்குள் கொண்டு வந்தார்கள்.

1995 ஆகஸ்ட் 14 அன்று ப்ளரும் ஒயாசிஸும் ஒரே நாளில் சிங்கிள் வெளியிட்டார்கள். அந்த வாரம் ப்ளர் விற்றது சுமார் 2,74,000 பிரதி, ஒயாசிஸ் சுமார் 2,16,000. டிவி செய்தியிலேயே சொன்னாங்க. தீபாவளிக்கு ரெண்டு பெரிய ஹீரோ படம் மோதினா நம்ம ஊரு எப்படி இருக்கும், அந்த மாதிரி.

பிரிட்பாப் வரலாறு என்று எழுதப்படுவது பெரும்பாலும் இந்தச் சண்டையில் தொடங்கும். அடுத்த வருஷம் ஆகஸ்ட் 10, 11 தேதிகளில் நெப்வொர்த் மைதானத்தில் ஒயாசிஸ் மொத்தம் இரண்டரை லட்சம் பேர் முன்னால் பாடியதில் போய் உச்சம் தொடும். ஜெயித்தவர் யார், விற்றது எவ்வளவு, வந்த கூட்டம் எவ்வளவு. அவ்ளோதான்.

எனக்கு அந்தக் கணக்கில் பெரிய ஆர்வம் இல்லை. நான் சேர்ப்பது அந்தக் காலக் குழுக்களின் மேடைப் பதிவுகளை. ஆல்பம் என்பது டிஸ்சார்ஜ் சம்மரி மாதிரி. எல்லாம் முடிந்த பிறகு, உட்கார்ந்து யோசித்து, சுத்தமாக எழுதியது. மேடைப் பதிவு என்பது ராத்திரி மூணு மணிக்கு கேஸ் ஷீட்டில் கிறுக்கியது. எழுதுறவருக்கே காலையில் என்ன ஆகும்னு தெரியாது. நோயாளிக்கு உண்மையில் என்ன நடந்ததுன்னு தெரியணும்னா நான் முதலில் பார்ப்பது அந்தக் கிறுக்கலைத்தான்.

இதில் வகைகள் உண்டு. மேடையின் மிக்ஸரிலிருந்து நேராக எடுத்தால் அது சவுண்ட்போர்டு. சுத்தமா இருக்கும், ஆனால் கூட்டமே இல்லாத மாதிரி வறண்டு கேட்கும். ரேடியோ, டிவி ஒளிபரப்பிலிருந்து வீட்டில் பதிவு செய்தது இரண்டாவது வகை. மூன்றாவது, கூட்டத்துக்குள் நின்று, சட்டைக்குள்ளோ தொப்பிக்குள்ளோ மைக்கை ஒளித்து எடுத்தது. சோனியின் வாக்மேன் புரொஃபஷனல் என்ற கையடக்கக் கருவி அந்த ஆட்களுக்குத் தெய்வம். பிறகு டாட், மினிடிஸ்க் வந்தன.

90 நிமிட கேசட் என்றால் ஒரு பக்கம் 45 நிமிடம். சரியாக நல்ல பாட்டின் நடுவில் பக்கம் தீர்ந்துவிடும். திருப்பிப் போடும் அந்தச் சில நொடிகள் வரலாற்றில் ஓட்டை. அப்புறம் ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து இன்னொன்று என்று நகல் எடுக்க எடுக்க இரைச்சல் ஏறிக்கொண்டே போகும். அதனால் சேகரிப்பவர்கள் இது எத்தனையாவது தலைமுறை நகல், எந்த மைக், எந்த இடத்தில் நின்று எடுத்தது என்றெல்லாம் குறிப்பு எழுதி வைப்பார்கள். எம்பிபிஎஸ்ஸில் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்ததும் இதுதான். நோயாளியின் கதையை யார் சொல்றாங்கன்னு முதலில் எழுது. அவரே சொல்றாரா, கூட வந்தவரா, பார்த்தவரா, கேள்விப்பட்டவரா?

இந்தக் குறிப்பு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கதை. ஒயாசிஸின் 1994 சிங்கிள் ஒன்றின் பின்பக்கத்தில் பீட்டில்ஸின் 'ஐ ஆம் த வால்ரஸ்' பாட்டு இருக்கிறது. கிளாஸ்கோ கேட்ஹவுஸ் கிளப்பில் 1994 ஜூனில் நேரடியாகப் பதிவு செய்ததுன்னு உறையில் போட்டிருக்கும். கூட்டம் கத்துவதும் கேட்கும். பிறகு நோயல் கேலகரே உண்மையைச் சொன்னார். அது கிளப்பே இல்லை. சோனி நிறுவனத்தின் ஒரு மாநாட்டுக்காகச் செய்த ஒலிச் சோதனையின்போது எடுத்தது. கூட்டத்தின் சத்தம், ஃபேசஸ் என்ற பழைய குழுவின் திருட்டுப் பதிவிலிருந்து வெட்டி ஒட்டியது!

கம்பெனி வெளியிட்ட 'அதிகாரபூர்வ' நேரடிப் பதிவில் இருக்கும் கைதட்டல், யாரோ ஒரு ரசிகர் ஒளித்து எடுத்த டேப்பிலிருந்து கடன் வாங்கியது. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து லேபிளை மட்டும் நம்புவதை விட்டுட்டேன்.

சரி, எலும்புக்கு வருவோம்.

பல்ப் என்ற குழு ஷெஃபீல்டு நகரத்தில் 1978-இல் பள்ளிப் பசங்களாகத் தொடங்கியது. பாடகர் ஜார்விஸ் காக்கர். பிபிசி ரேடியோவின் ஜான் பீல் ஷெஃபீல்டுக்கு ஒரு நிகழ்ச்சிக்கு வந்தபோது ஜார்விஸ் ஒரு டெமோ கேசட்டை அவர் கையில் கொடுத்தார். 1981 நவம்பரில் பீல் நிகழ்ச்சிக்காக நாலு பாட்டுப் பதிவு செய்யக் கூப்பிட்டார்கள். பையனுக்கு வயசு 18. இனி வாழ்க்கை செட்டில்னு நினைச்சிருப்பான்.

அடுத்த பீல் பதிவு எப்போ தெரியுமா? 1993. இடையில் பன்னிரண்டு வருஷம் யாரும் சீண்டவில்லை. ஆட்கள் வந்தார்கள், போனார்கள்.

1985-இல் ஒரு பெண்ணை அசத்துவதற்காக ஜன்னலுக்கு வெளியே ஸ்பைடர்மேன் வித்தை காட்டப் போய் ஜார்விஸ் கீழே விழுந்தார். இடுப்பெலும்பு, கால், மணிக்கட்டு எல்லாம் முறிவு. இடுப்பெலும்பு முறிவை லேசாக நினைக்காதீங்க. உள்ளுக்குள்ளேயே லிட்டர் கணக்கில் ரத்தம் போகக்கூடிய காயம் அது. பிழைத்தார். சில காலம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே மேடையில் பாடினார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அந்த நாட்களில்தான் தன்னைச் சுற்றி இருக்கும் சாதாரண மனிதர்களைப் பற்றி எழுதணும்னு தோன்றியதாகப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

அதே குழுவில் கீபோர்டு வாசிக்கும் கேண்டிடா டாய்லுக்கு 16 வயதிலேயே முடக்குவாதம். வயசானா வரும் மூட்டுத் தேய்மானம் இல்லை இது. உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய். குறிப்பாக விரல் மூட்டுகள். காலையில் எழுந்தால் விரலை மடக்கவே அரை மணி, ஒரு மணி நேரம் ஆகும். இன்று இதற்குப் பயன்படும் பயாலஜிக்ஸ் ஊசிகள் 1995-இல் சந்தைக்கே வரவில்லை. அந்த விரல்களோடு அவர் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தார். பல்ப் பதிவு எதைக் கேட்டாலும் என் காது முதலில் கீபோர்டுக்குத்தான் போகும். தொழில் தோஷம்.

1995 மே மாதம் 'காமன் பீப்பிள்' வெளியாகி இரண்டாம் இடம் வரை போனது. இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் பெரிய வெற்றி. இருந்தாலும், ஜூன் 24 சனிக்கிழமை இரவு கிளாஸ்டன்பரி விழாவின் பெரிய மேடையில் கடைசியாக வந்து பாட வேண்டியது பல்ப் இல்லை. ஸ்டோன் ரோசஸ்.

விழாவுக்கு இரண்டு வாரம்கூட இல்லாத நிலையில் ஸ்டோன் ரோசஸின் கிட்டாரிஸ்ட் ஜான் ஸ்கொயர் கலிஃபோர்னியாவில் சைக்கிள் ஓட்டும்போது விழுந்து காறை எலும்பை உடைத்துக்கொண்டார். காறை என்பது பெண்கள் கழுத்தை ஒட்டி அணியும் பழைய நகை. அது படியும் இடத்தில் இருப்பதால் காறை எலும்பு. தோளில் விழுந்தால் அடிக்கடி முறிவது இதுதான். நம்ம கேஷுவாலிட்டியில் பைக்கிலிருந்து விழுந்து வரும் பசங்களிடம் வாரம் ஒன்றாவது பார்ப்போம். தூளி கட்டி விடுவோம், ஆறு வாரம் எடை தூக்காதேன்னு சொல்வோம். கிட்டார் வார் தொங்குவது தோளில்தான். ஆறு வாரத்துக்கு அவர் மேடையை மறந்துவிட வேண்டியதுதான்.

அப்படித்தான் அந்த இடம் பல்ப்புக்குப் போனது.

அன்றைக்கு வாசித்த பாட்டுகள் சிலவற்றைக் கூட்டம் அதுவரை கேட்டதே இல்லை. 'டிஃபரன்ட் கிளாஸ்' ஆல்பம் வர இன்னும் நாலு மாசம் இருந்தது. 'டிஸ்கோ 2000', 'சார்ட்டட் ஃபார் ஈஸ் அண்ட் விஸ்' எல்லாம் அந்த மேடையில் புதுசு. இதில் இரண்டாவதின் தலைப்பு எங்கிருந்து வந்தது என்பதை ஜார்விஸ் சொல்லியிருக்கிறார். 1990-இல் ஸ்பைக் ஐலண்டில் நடந்த ஒரு பெரிய கச்சேரிக்குப் போய்வந்த ஷெஃபீல்டு பெண் ஒருத்தியிடம், அதில் உனக்கு என்ன ஞாபகம் இருக்குன்னு கேட்டாராம். கூட்டத்தில் போதைப்பொருள் விற்றுக்கொண்டு திரிந்தவர்கள் சொன்ன வாக்கியம் மட்டும்தான் ஞாபகம் இருக்குன்னாளாம். அதுவே தலைப்பு.

அந்த ஸ்பைக் ஐலண்டு கச்சேரி யாருடையது தெரியுமா? ஸ்டோன் ரோசஸ்.

வராமல் போன குழுவின் பழைய கச்சேரியிலிருந்து தலைப்பு கிடைத்த பாட்டை, அவர்களுக்கு ஒதுக்கிய இடத்தில் நின்று, அவர்களைப் பார்க்க டிக்கெட் வாங்கியவர்கள் முன்னால் பாடுகிறார் இந்த மனுஷன். கதையாக எழுதினால் நம்ப மாட்டீங்க.

கடைசியாக 'காமன் பீப்பிள்'. வசதியான வீட்டுப் பெண் ஒருத்தி ஏழைகள் மாதிரி வாழ்ந்து பார்க்க ஆசைப்படுவதைப் பற்றிய பாட்டு. நினைத்தால் அப்பாவுக்கு போன் போட்டு வெளியே வந்துவிடலாம் அவள். மற்றவர்களுக்கு அந்த போன் கிடையாது. அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிற யாருக்கும் இந்தப் பாட்டை விளக்கத் தேவையில்லை.

இப்போ என் கேசட்.

2010 வாக்கில் நான் மூன்றாம் வருஷம். ஹாஸ்டலில் ஒரு சீனியர் அண்ணன். அவருடைய மாமா 90-களில் ஷெஃபீல்டில் ஒரு மருத்துவமனையில் ஜூனியர் டாக்டராக இருந்தவர். நம்ம ஊரிலிருந்து போய் அங்கே இரவும் பகலும் டூட்டி பார்த்த தலைமுறை. பாட்டுப் பைத்தியம். ரேடியோ, டிவியில் வந்ததையெல்லாம் கேசட்டில் பிடித்து வைத்திருந்தார். ஊருக்குத் திரும்பும்போது ஒரு பெட்டி நிறையக் கேசட் வந்தது. அண்ணன் அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் எழுதி, ஹார்ட் டிஸ்கில் வைத்திருந்தார். ஒரு நாள் எனக்கு நகல் கொடுத்தார். ஒரே நிபந்தனை, காசுக்கு விற்கக் கூடாது.

கிளாஸ்டன்பரி ஃபைலுக்கான குறிப்பில் இவ்வளவுதான் இருக்கும்: சேனல் 4 ஒளிபரப்பு. டாக்டர்ஸ் மெஸ், ஷெஃபீல்டு. டிவி முன்னால் வைத்த ரெக்கார்டர், வயர் இல்லை. கடைசிப் பாட்டில் ப்ளீப். முடிவு இல்லை.

வயர் இல்லாததால் அறையின் சத்தம் எல்லாம் பதிவாகியிருக்கிறது. நாற்காலி நகர்வது, கோப்பை வைப்பது, யாரோ சிரிப்பது. 'காமன் பீப்பிள்' தொடங்கும். கொஞ்ச நேரத்தில் ஒரு மெல்லிய கீச்சுச் சத்தம். அது ப்ளீப். செல்போன் இல்லாத காலத்தில் டூட்டி டாக்டரைக் கூப்பிட இடுப்பில் மாட்டியிருக்கும் கருவி. ஒரு நொடி அமைதி. நாற்காலி பின்னால் போகும். காலடிச் சத்தம். கதவு.

ரெக்கார்டர் ஓடிக்கொண்டே இருக்கும். பாட்டு வேகம் எடுக்கும், கூட்டம் மொத்தமும் சேர்ந்து பாடும். அந்தக் காலத்தின் மிகப் பெரிய தருணம்னு பிறகு எல்லாரும் எழுதின நிமிடங்கள் அவை. மாமா அந்த அறையில் இல்லை. ஏதோ ஒரு வார்டில் யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருந்திருப்பார். அப்புறம் உச்சத்தில் டப்பென்று ஒரு சத்தம். பக்கம் தீர்ந்தது. திருப்பிப் போட ஆள் இல்லை.

பாட்டு முழுசாக வெளியில் கிடைக்கும் என்பது எனக்கும் தெரியும். அந்த வருஷமே ஒரு சிங்கிளின் பின்பக்கத்தில் அந்த நேரடிப் பதிவைப் போட்டார்கள். யூடியூபிலும் இருக்கிறது. ஆனால் ஹவுஸ் சர்ஜனாக இருந்த வருஷம் முழுக்க நான் கேட்டது பாதியில் நிற்கும் இந்தப் பதிவைத்தான். ப்ளீப் வரும் இடத்தில் என் கை தானாக பாக்கெட்டுக்குப் போகும்.

இந்த வேலை சரியா தப்பான்னு கேட்பவர்களுக்கு. எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. 90-களில் மேடைப் பதிவுகளைத் திருட்டு சிடியாக அடித்து விற்பது பெரிய வியாபாரம். இத்தாலியில் சட்டத்தில் ஓட்டை இருந்ததால் பளபளப்பான அட்டையோடு அங்கிருந்து வந்து குவிந்தன. லண்டனின் கேம்டன் சந்தையில் கேசட்டுகளைக் கடை பரப்பி விற்றார்கள். மேடையில் நின்று பாடியவருக்கு அதில் ஒரு பைசா போகவில்லை. அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

அந்த ஓட்டைகளை அடைக்க ஆரம்பித்தது 1995 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த டிரிப்ஸ் ஒப்பந்தம். ஆமாங்க, மருந்துக் காப்புரிமை விஷயத்தில் நாம் திட்டித் தீர்த்த அதே டிரிப்ஸ்தான். 2005-இல் நம்ம நாட்டுக் காப்புரிமைச் சட்டத்தை மாற்ற வைத்தது. அதன் 14-ஆம் பிரிவு, அனுமதி இல்லாமல் தன் நிகழ்ச்சியைப் பதிவு செய்வதைத் தடுக்கும் வழியைக் கலைஞருக்குக் கொடுக்கிறது. மாத்திரைக்கும் பாட்டுக்கும் ஒரே காகிதம்.

ரசிகர்கள் நடத்தியது வேறு மாதிரி. இரண்டு காலிக் கேசட்டும் தபால் செலவும் அனுப்பினால் ஒன்றில் பதிந்து திருப்பி அனுப்புவார்கள். லாபம் கிடையாது. சட்டப்படி அதுவும் முழுச் சுத்தம் இல்லை, தெரியும். ஆனால் பெயர் தெரியாத குழுக்கள் நாற்பது பேர் முன்னால் வாசித்த ராத்திரிகளைக் காப்பாற்றியது இந்த ஆட்கள்தான். எந்தக் கம்பெனியும் அதற்கெல்லாம் மைக் வைக்கவில்லை.

அந்தச் சின்ன கிளப் டேப்புகளில் நான் கவனிக்கும் இன்னொரு விஷயம் இருமல். பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில் கேட்டுப் பாருங்க. லைட்டர் கிளிக், இருமல், மறுபடி கிளிக். ஸ்காட்லாந்தில் 2006 மார்ச்சிலும் இங்கிலாந்தில் 2007 ஜூலையிலும்தான் உள்ளரங்குகளில் புகைபிடிக்கத் தடை வந்தது. அதுக்கு முந்தைய டேப்புகளில் மைக் பக்கத்தில் நின்றவரின் நெஞ்சுச் சளி வரைக்கும் பதிவாகியிருக்கு. என்னிடம் உள்ள ஒன்றில் முன் பாதியிலிருந்து கடைசி வரை ஒருத்தர் இருமுகிறார். ஈரமான, நாள்பட்ட இருமல். கேட்கும்போதெல்லாம் யாராவது இவரை ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கப்பான்னு தோணும். முப்பது வருஷம் தாமதமான ஆலோசனை.

பெரிய மேடைகளிலும் இப்படி விடுபட்ட கதைகள் உண்டு. நெப்வொர்த்தில் ஒயாசிஸுக்கு முன்னால் வாசித்த குழுக்களில் ஒன்று சார்லட்டன்ஸ். அவர்களுடைய கீபோர்டு கலைஞர் ராப் காலின்ஸ் 1996 ஜூலை 22 அன்று கார் விபத்தில் இறந்தார். மூன்று வாரம்கூட ஆகவில்லை, மேடையேறினார்கள். ப்ரைமல் ஸ்க்ரீம் குழுவின் மார்ட்டின் டஃபி அந்தப் பாட்டுகளை அவசரமாகக் கற்றுக்கொண்டு வந்து வாசித்தார். 2021-இல், இருபத்தைந்து வருஷம் கழித்து, நெப்வொர்த் கச்சேரி அதிகாரபூர்வ ஆல்பமாக வந்தது. ஒயாசிஸ் மட்டும்தான் அதில். வியாபாரப்படி நியாயம்தான். டஃபியும் 2022 டிசம்பரில் போய்விட்டார்.

காறை எலும்பு கூடிய ஜான் ஸ்கொயரும் அதே நெப்வொர்த் மேடையில் ஒயாசிஸோடு சேர்ந்து கிட்டார் வாசித்தார். அதற்குள் ஸ்டோன் ரோசஸிலிருந்து விலகியிருந்தார். அதே ஆகஸ்ட் கடைசியில் ரெடிங் விழாவில் அவர் இல்லாமல் ஸ்டோன் ரோசஸ் வாசித்த பதிவு இன்றும் சுற்றுகிறது. பாடகர் சுருதியை விட்டு எங்கேயோ போய்க்கொண்டிருப்பார். ஒரு தடவைக்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை. சில மாதங்களில் குழுவே கலைந்தது.

2023 மார்ச்சில் பல்ப்பின் பேஸ் கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் மேக்கி இறந்தார். 56 வயது. 2025 ஜூனில், சரியாக முப்பது வருஷம் கழித்து, வேறொரு பெயரில் அறிவிப்பு கொடுத்துவிட்டு பல்ப் மறுபடி அதே கிளாஸ்டன்பரி மேடைக்கு வந்தது. அந்த மாதம் வந்த புது ஆல்பத்தின் முதல் பாட்டின் பெயர் 'ஸ்பைக் ஐலண்ட்'. அதே வருஷம் 'டிஃபரன்ட் கிளாஸ்' முப்பதாம் ஆண்டுப் பதிப்போடு 1995 கிளாஸ்டன்பரி கச்சேரி முழுசாக வெளியானது.

வாங்கினேன். ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டேன். பேஸ் தனியாகக் கேட்கிறது. கேண்டிடாவின் விரல்கள் தெளிவாகக் கேட்கின்றன. கடைசிப் பாட்டு கடைசி வரை ஓடுகிறது. இரைச்சல் இல்லை, நாற்காலி இல்லை, கதவு இல்லை.

ஹார்ட் டிஸ்கில் இடம் இல்லை, வேண்டாத பழைய ஃபைலை எல்லாம் அழிங்கன்னு வீட்டில் ஒரு மாசமா சொல்லிட்டு இருக்காங்க. நியாயமான கோரிக்கை. குழந்தையின் வீடியோக்களுக்கு இடம் வேணும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நிறைய அழித்தேன். நல்ல பதிப்பு வந்துவிட்ட மோசமான நகல்கள், ஒரே கச்சேரியின் நாலாவது ஐந்தாவது நகல், ரெடிங் 1996.

மெஸ் டேப்பை அழிக்கவில்லை. புது ஆல்பத்தின் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். போன வாரம் எங்கள் ஹவுஸ் சர்ஜன் தம்பி ஒருத்தன் அதைக் கேட்டுட்டு நகல் கேட்டான். கூடவே, "சார், புது ரெக்கார்டிங்லேர்ந்து அந்தக் கடைசி ஒரு நிமிஷத்தை எடுத்து ஒட்டிடலாமா? தெரியவே தெரியாது"ன்னான்.

பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். ஒட்டக் கூடாது, டெக்ஸ்ட் ஃபைலில் ஒரு எழுத்துகூட மாற்றக் கூடாதுன்னு சொல்லிட்டேன். சரின்னு தலையாட்டிட்டு இருக்கும்போதே கேஷுவாலிட்டியிலிருந்து அவனுக்கு போன் வந்தது.